கௌதாரி உண்பது கூடுமா?

புகழனைத்தும் அல்லாஹுத் தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற மாதம் ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். மதுரைக்கு மேற்கே, மானாவாரிக் காடுகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். ஊரையும் பேரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக் கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறோம். அவருடைய கொழுந்தன் விடுமுறை நாட்களில் ஏர்கன் எடுத்துக் கொண்டு கண்மாய்க் கரைக்குப் போவாராம். நான்கைந்து கவுதாரிகளைச் சுட்டுப் பையில் போட்டுக் கொண்டு வருவாராம். வீட்டுக்கு வந்து சேரும்போது அவை விறைத்துக் கிடக்குமாம். பிறகுதான் கழுத்தை அறுப்பாராம். இந்தச் சகோதரி தயங்கியபோது மாமியார், "பிஸ்மி சொல்லி ஆக்கு, பிஸ்மி சொல்லித் தின்னு, அவ்வளவுதான் மார்க்கம்" என்றிருக்கிறார். "பெரிய ஆலிமா வந்துட்டா" என்று வீட்டில் கேலி வேறு. "பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுகின்றன. எனக்கோ கவளம் தொண்டையில் இறங்கவில்லை. கவுதாரி ஹலாலா, ஹராமா என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஒரே வார்த்தையில் சொல்லக் கூடிய மஸ்அலாவாக இது இல்லை. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பறவை உண்ணத் தக்கதா என்பது ஒன்று. அது செத்த விதம் சரியா என்பது இரண்டு. அதை வேட்டையாட இன்று நமக்கு அனுமதி உண்டா என்பது மூன்று. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீடுகளில் மனத்தாங்கல் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் வீட்டில் நடந்தது

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கடிதத்தைப் படித்தபோது நம் இளமைக் கால நிகழ்ச்சி ஒன்று கண்முன் வந்தது. நாம் அப்போது ஐந்தாம் வகுப்பு. மதரஸா வாசலை மிதிக்காத காலம். பள்ளிக்கூட விடுமுறையில் நன்னா வீட்டுக்குப் போயிருந்தோம். சின்ன மாமு உண்டிவில்லில் குறி தப்பாதவர். கருவேலம் புதருக்குள்ளிருந்து இரை பொறுக்க வந்த ஒரு கவுதாரியைக் கூழாங்கல்லால் அடித்து வீழ்த்தினார். ஓடிப்போய்த் தூக்கினோம். தலை தொங்கியது. கத்தி வீட்டில் இருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து பிஸ்மி சொல்லி அறுத்தபோது இரண்டு சொட்டு இரத்தம் கசிந்தது, அவ்வளவுதான்.

சட்டி அடுப்பில் கொதித்துக் கொண்டிருந்தபோது நன்னா பள்ளிவாசலிலிருந்து வந்தார்கள். வாசனையை முகர்ந்தார்கள். "அறுக்கும்போது உசுரு இருந்துச்சா?" என்று கேட்டார்கள். மாமு, "இருந்துச்சுத்தா" என்றார். நன்னா நம் பக்கம் திரும்பி, "நீ சொல்லுத்தா, துடிச்சுச்சா?" என்றார்கள். நாம் மாமுவின் முகத்தைப் பார்த்தோம். பிறகு நன்னாவின் முகத்தைப் பார்த்தோம். "துடிக்கல நன்னா" என்று சொல்லிவிட்டோம்.

நன்னா எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கோபப்படவுமில்லை. கரித்துணியால் சட்டியைப் பிடித்துத் தாமே தூக்கிக் கொண்டு போய்க் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினார்கள். சட்டியை மூன்று முறை கழுவச் சொன்னார்கள். மாமு சினந்து எழுந்து போய்விட்டார். அத்தோடு நன்னா நிற்கவில்லை. கூண்டிலிருந்த சேவலைப் பிடித்து வந்து, நம்மையும் பக்கத்தில் நிறுத்திக் கொண்டு, கத்தியைத் தீட்டி, பிஸ்மி சொல்லி அறுத்தார்கள். "பிள்ளைங்க பசியோட படுக்கக் கூடாது" என்றார்கள். அன்றிரவு மாமுவுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்துத் தாமே கொண்டு போய்க் கொடுத்தார்கள். அந்த ஒரு மாலையில் நாம் கண்டதைத்தான் பின்னாளில் கிதாபுகளில் வரிவரியாக ஓதினோம்.

பறவை ஹலாலானது

முதற் கேள்விக்கு வருவோம். பறவைகளில் எவை கூடாதவை என்பதற்கு நம் இமாம்கள் ஒரு அளவுகோல் தந்திருக்கிறார்கள். கோரைப்பல்லால் வேட்டையாடும் மிருகங்களையும், கால் நகத்தால் பற்றி வேட்டையாடும் பறவைகளையும் உண்ணக் கூடாதென நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஹஸ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பருந்து, வல்லூறு, இராஜாளி, ஆந்தை ஆகியவை இந்தத் தடைக்குள் வருகின்றன. பிணம் தின்னும் கழுகும் அவ்வாறே கூடாதது.

கௌதாரி இவற்றில் எதிலும் சேராது. நம் மதுரைச் சீமையின் சோளக் காடுகளிலும், கண்மாய்க் கரைகளிலும், கருவேலம் புதர்களிலும் விடியற்காலையில் உரக்கக் குரல் கொடுக்கும் பறவை அது. தானியமும் விதையும் பொறுக்கும். கறையானும் பூச்சியும் தின்னும். பூச்சி தின்பதால் ஒரு பறவை ஹராமாகி விடுவதில்லை. நம் வீட்டுக் கோழியும் அதைத்தானே செய்கிறது! இந்தப் பறவைக்கு அறிவியலார் இட்ட பெயரிலேயே நம் புதுச்சேரியின் பெயர் சேர்ந்திருக்கிறது. அவ்வளவு தூரம் இது இந்த மண்ணுக்குரிய பறவை.

இங்கே சிலர் ஒரு சந்தேகம் கிளப்புகிறார்கள். சேவல் கௌதாரியின் காலில் கூர்மையான முள் ஒன்று இருக்கிறது. "நகமுள்ள பறவை கூடாதென்று ஹதீதில் வருகிறதே, இது நகமில்லையா?" என்று கேட்கிறார்கள். ஹதீதில் வரும் 'மிக்லப்' என்னும் சொல், இரையைப் பற்றிக் கிழிக்கும் வளைநகத்தைக் குறிக்கும். கௌதாரியின் முள் இரை பிடிப்பதற்கன்று. சேவலோடு சேவல் சண்டையிடுவதற்கு அது ஆயுதம். அத்தகைய முள் வீட்டுச் சேவலுக்கும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் கோழிக்கறி உண்டதைத் தாம் கண்டதாக ஹஸ்ரத் அபூமூஸல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே காலில் முள்ளிருப்பது தடையாகாது.

அரபியில் இந்த இனத்திற்கு 'துர்ராஜ்' என்று பெயர். ஹிஜ்ரீ 808ல் வஃபாத்தான மிஸ்ரு நாட்டு ஷாஃபியீ அறிஞர் கமாலுத்தீன் தமீரீ (ரஹ்) அவர்கள், உயிரினங்களை அகர வரிசையில் அமைத்து ஒவ்வொன்றின் சட்டத்தையும் கூறும் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் துர்ராஜை ஹலால் என்றே எழுதியுள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபின் விதியின்படியும் அது ஹலாலே. கௌதாரியின் தம்பியான காடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனூ இஸ்ராயீல்களுக்கு மன்னுவோடு இறக்கியருளப்பட்ட 'ஸல்வா' காடை இனத்துப் பறவை என்பதே முஃபஸ்ஸிர்கள் பலரின் விளக்கம். அல்பகரா அத்தியாயத்தின் 57ஆம் ஆயத்தில் அல்லாஹ் அதைத் தூய உணவு என்றே குறிப்பிடுகிறான்.

எனவே அந்தச் சகோதரியின் முதற் கேள்விக்கு விடை இதுதான்: கௌதாரி ஹலாலான பறவை. இதில் ஹனஃபீ, ஷாஃபியீ வேறுபாடு இல்லை.

செத்த விதம்

பறவை ஹலாலானது என்பதால் அதன் கறி எப்படி வந்தாலும் ஹலாலாகி விடுமா? ஆடு ஹலால்தான். ஆனால் செத்த ஆடு ஹராம். அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் ஆயத்தில், தானாகச் செத்தது, கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது, முட்டுப்பட்டுச் செத்தது ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணித் தடுத்துவிட்டு, உயிரிருக்கும் போதே நீங்கள் அறுத்துக் கொண்டவை தவிர என்று அல்லாஹ் விலக்களிக்கிறான். இந்த ஆயத்தை வைத்துக் கொண்டு நம் ஊர் வேட்டையைப் பாருங்கள். கண்ணியில் சிக்கிக் கழுத்து இறுகிச் செத்தால் அது நெரிந்து செத்தது. உண்டிவில் கல்லில் செத்தால் அது அடிபட்டுச் செத்தது. நம் ஊர்க் கண்ணிக்கும் உண்டிவில்லுக்கும் அந்த ஆயத்திலேயே சட்டம் இருக்கிறது!

ஹஸ்ரத் அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் கொடையால் பேர்பெற்ற ஹாதிம் தாயீயின் மகன். அவர்களுடைய கூட்டத்தார் வேட்டையில் கைதேர்ந்தவர்கள். இறகில்லாத கனத்த அம்பால் வேட்டையாடுவது பற்றி அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கூர்முனை பாய்ந்து கொன்றதை உண்ணலாம், அம்பு குறுக்காகப் பட்டுக் கொன்றதை உண்ணலாகாது, அது அடிபட்டுச் செத்ததாகும் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீது இது. அம்பும் ஒன்று, வில்லும் ஒன்று, குறிபார்த்தவரும் ஒருவரே. ஆனால் கூர்மை கிழித்ததற்கு ஒரு சட்டம், கனம் நசுக்கியதற்கு வேறு சட்டம்.

கல்லைச் சுண்டி எறிவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்னும் கருத்தில் அவர்கள் எச்சரித்ததை ஹஸ்ரத் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உண்டிவில்லோடு திரியும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஏர்கன் குண்டுக்கு வருவோம். ஈயக் குண்டு பறவையைக் கொல்வது தன் வேகத்தாலும் கனத்தாலுமே, கூர்மையாலன்று என்பதால், துப்பாக்கிக் குண்டால் செத்தது கூடாது என்றே ஹனஃபீ, ஷாஃபியீ ஃபுகஹாக்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். துளைத்துச் செல்லும் குண்டை அம்போடு ஒப்பிட்டு அனுமதித்த பிற்கால ஆலிம்கள் சிலரும் உண்டு. ஆனால் நம் தமிழகத்து மக்கள் பின்பற்றும் இரு மத்ஹபுகளின் நிலை அதுவன்று. எனவே சுடப்பட்ட பறவை உயிரோடு கைக்குக் கிடைத்து, முறைப்படி அறுக்கப்பட்டால் ஹலால். அதற்குள் செத்துவிட்டால் ஹராம். செத்த பிறகு ஆயிரம் பிஸ்மி சொல்லி அறுத்தாலும் அது மைத்தாகவே இருக்கும்.

உயிர் இருந்தது என்பதை எப்படி அறிவது? ஷாஃபியீ மத்ஹபில் அடிபட்ட பிராணியிடம் நிலையான உயிர் இருக்க வேண்டும். அறுத்ததும் பலமாகத் துடிப்பதும், இரத்தம் பீறிட்டு வருவதும் அதன் அடையாளம். ஹனஃபீ மத்ஹபில் அறுக்கும் நேரத்தில் உயிர் மிச்சமிருந்ததென்று அசைவாலோ இரத்தம் பாய்வதாலோ விளங்கினால் போதும். விறைத்துப் போன பறவையில் இந்த இரண்டும் இல்லை. எழுத்தறியாத நன்னா "துடிச்சுச்சா?" என்று கேட்ட அந்த ஒரு வார்த்தைக்குள் இத்தனை சட்டமும் அடங்கியிருந்ததை நினைத்தால் இன்றும் நமக்கு வியப்பாக இருக்கிறது.

மாமியார் சொன்ன ஆதாரம்

"பிஸ்மி சொல்லித் தின்னு" என்று அந்த மாமியார் சொன்னதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டோம். எங்கோ ஒரு பயானில் கேட்ட ஹதீதுதான் அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் வருகிறது: புதிதாக இஸ்லாத்திற்கு வந்த சிலர் இறைச்சி கொண்டு வந்து தருகிறார்கள், அறுக்கும்போது அவர்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்களா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லையே எனச் சிலர் கேட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடை தந்தார்கள்.

ஹதீது உண்மை. ஆனால் அது எந்த இடத்திற்கு உரியது? அங்கே முஸ்லிம்கள் அறுத்துக் கொண்டு வந்தார்கள். அறுக்கப்பட்டதில் ஐயமில்லை. பிஸ்மி சொன்னார்களா என்பதில் மட்டுமே ஐயம். அந்த ஐயத்தைக் கிளறாதீர்கள், முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் வையுங்கள் என்பதுதான் அதன் படிப்பினை. உறவினர் வீட்டு விருந்தில், "யார் அறுத்தது, எப்படி அறுத்தது?" என்று குடைந்து கேட்பவர்கள் இந்த ஹதீதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தச் சகோதரியின் நிலை வேறு. பறவை விறைத்திருந்ததை அவர் கண்ணால் பார்க்கிறார். ஐயமே இல்லாத இடத்தில் நல்லெண்ணத்திற்கு என்ன வேலை? சாவின் காரணத்தில் ஐயம் வந்தால்கூட விட்டுவிட வேண்டுமென்பதற்கு அதே அதீ (ரலி) அவர்களின் ஹதீதில் ஆதாரம் இருக்கிறது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கண்டால் அதை உண்ண வேண்டாம், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது என்பதே நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன காரணம். ஆக, முறைப்படி அறுத்த ஒரு முஸ்லிமின் வாய்ச்சொல்லில் ஐயம் வந்தால் நல்லெண்ணம் வைக்கிறோம். பிராணி எதனால் செத்தது என்பதில் ஐயம் வந்தால் விலகிக் கொள்கிறோம். செத்தபின் அறுத்தது என்று உறுதியாகவே தெரிந்துவிட்டால் விலகுவது கடமை. சாப்பிடும்போது சொல்லும் பிஸ்மி பரக்கத்துக்குரியது. அறுக்கும்போது நடக்க வேண்டிய காரியத்திற்கு அது ஈடாகாது.

வேட்டையாட அனுமதி உண்டா?

மூன்றாவது கேள்வியைத்தான் நம்மவர்கள் கேட்பதே இல்லை. "ஹலாலான பறவையைப் பிடித்தால் யார் என்ன சொல்வது?" என்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கௌதாரி பாதுகாக்கப்பட்ட பறவை. காட்டுக் காடையும் அப்படியே. முன்பு உரிமம் பெற்று வேட்டையாடும் வழி இருந்தது. பெரியவர்கள் சொல்லும் வேட்டைக் கதைகள் அந்தக் காலத்தவை. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டது. இன்று சுடுவது, கண்ணி வைப்பது, பிடித்து விற்பது எல்லாமே தண்டனைக்குரிய குற்றம்.

"மார்க்கம் ஹலாலாக்கியதைச் சட்டம் தடுக்கலாமா?" என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். அவருக்கு நாம் அல்மாயிதாவின் முதல் ஆயத்தை எடுத்துக் காட்டினோம். அந்த ஆயத் உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்று தொடங்குகிறது. பிறகு கால்நடைகள் ஹலால் என்கிறது. உடனே இஹ்ராமில் இருக்கும்போது வேட்டையை ஹலாலாக்கிக் கொள்ளக் கூடாது என்கிறது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஹலாலான பிராணி என்பதால் எந்த நேரமும் வேட்டையாடலாம் என்பது பொருளன்று. இஹ்ராம் உடுத்தியவருக்குத் தரைப் பிராணிகளின் வேட்டை முழுவதும் தடை. மக்காவின் ஹரம் எல்லைக்குள் எவருக்கும் தடை. பறவை மாறவில்லை, நேரமும் இடமும் மாறின. இரண்டு, ஒரு நாட்டில் பாதுகாப்போடு வாழ்கிறோம், அதன் சட்டத்திற்கு உடன்பட்டு வாழ்கிறோம். பாவத்தை ஏவாத, பொதுநலத்தைக் காக்கிற சட்டத்தை மீறுவது அந்த உடன்பாட்டை முறிப்பதாகும். கௌதாரிக்கறி உண்பது ஃபர்ளுமல்ல, ஸுன்னத்துமல்ல. அதை விட்டால் மார்க்கத்தில் எந்தக் குறையும் வந்துவிடாது. அதற்காகச் சிறைக்குப் போய், வீட்டாரையும் ஜமாஅத்தையும் தலைகுனிய வைப்பதில் என்ன நன்மை?

இந்தச் சட்டத்தில் உள்ள நலனையும் பாருங்கள். கௌதாரி மரத்தின் உச்சியில் கூடு கட்டுவதில்லை. புதரடியில், தரையில் சிறு பள்ளத்தில் முட்டையிடும். கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் குஞ்சுகளோடு திரியும். அப்போது தாயைச் சுட்டால் புதருக்குள் குஞ்சுகள் என்னாகும்? ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டபோது தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றியது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று வினவி, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள இந்த ஹதீதை அறிந்தவர் கண்ணி வைக்கும் முன் சற்றே நிற்பார்.

நம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நம் ஊர்க் குன்றுகளிலும் கண்மாய்களிலும் உள்ள பறவைகள் அவ்வளவு மதிப்புடையவை. வேட்டையின் பின்னே திரிகிறவன் கவனமற்றுப் போகிறான் என்னும் கருத்தில் ஒரு ஹதீது வருகிறது. வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லும் நேரத்திலும் கண்மாய்க் கரையில் துப்பாக்கியோடு நிற்பவர்களைக் காணும்போது அதன் உண்மை விளங்குகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறிப் பிடித்த கௌதாரி உயிரோடிருக்கும்போது முறைப்படி அறுக்கப்பட்டால், அதன் கறி மைத்தாகி விடாது. செயல் தவறு, கறி ஹராமன்று. எனினும் காசு கொடுத்து வாங்குவது அடுத்த வேட்டைக்குக் கூலி கொடுப்பதாகும். சாலையோரம் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்பவரிடம் வாங்காதீர்கள்.

மயில் பற்றி

கௌதாரிக்கு அடுத்து மயிலைப் பற்றிக் கேட்கிறார்கள். அதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபியீ மத்ஹபின் மிகச் சரியான சொல்லின்படி மயிலும் கிளியும் கூடாதவை. ஹனஃபீ மத்ஹபில் கூடும். ஆனால் 1963 முதல் மயில் நம் நாட்டின் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளதால், கொன்றால் குறைந்தது 3 ஆண்டும் கூடினால் 7 ஆண்டும் சிறைத் தண்டனை உண்டு. மேலும் நம் அண்டை வீட்டார் அதை முருகனின் வாகனமென மதிக்கிறார்கள். அண்டை வீட்டாரின் உள்ளத்தைப் புண்படுத்திப் பெறும் ஒரு சட்டிக் கறி நமக்கு வேண்டாம். எனவே ஹனஃபீகளும் அதை நாடாதிருப்பதே முறை.

ஹலாலான வழி

சின்னப் பறவைக் கறிக்கு ஆசையிருந்தால் அல்லாஹ் வேறு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறான். பண்ணைகளில் வளர்க்கும் ஜப்பானியக் காடைகள் தமிழ்நாடெங்கும் கிடைக்கின்றன. ஐந்தாறு வாரத்தில் ஏறத்தாழ 200 கிராம் எடைக்கு வந்துவிடும். மதுரையின் இரவுக் கடைகளில் காடை வறுவல் மணக்காத தெருக்கள் குறைவு. அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. காடையின் கழுத்து விரல் பருமன்தான். அவசரத்தில் கையால் திருகிப் பிய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பிய்த்தது ஹராம். கத்தியால் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுவதும் அறுபட வேண்டும் என்பது ஷாஃபியீ சட்டம். அவ்விரண்டோடு இரு பக்க இரத்தக் குழாய்களும் சேர்ந்த நான்கில் மூன்றாவது அறுபட வேண்டும் என்பது ஹனஃபீ சட்டம். நான்கையும் அறுத்துவிட்டால் இரு சாராருக்கும் சரி. கை தவறித் தலை துண்டாகிவிட்டால் கறி ஹலால், வேண்டுமென்றே துண்டிப்பது மக்ரூஹ்.

பிஸ்மியை வேண்டுமென்றே விட்டால் ஹனஃபீ மத்ஹபில் கறி கூடாது, மறந்து விட்டால் கூடும். ஷாஃபியீ மத்ஹபில் பிஸ்மி சொல்வது ஸுன்னத். கூடை நிறையக் காடைகளை வைத்துக் கொண்டு முதலில் ஒரு தடவை பிஸ்மி சொல்லிவிட்டு வரிசையாக அறுப்பது ஹனஃபீகளுக்குப் போதாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஒலிநாடாவில் ஓட விடுவது அறுப்பவரின் பிஸ்மி ஆகாது.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. இறகு பிடுங்குவதற்காகக் குடலெடுக்காத காடையைக் கொதிக்கும் நீரில் நீண்ட நேரம் போட்டு வைக்காதீர்கள். அசுத்தம் கறியில் ஊறிவிட்டால் கழுவினாலும் சுத்தமாகாது என்று ஹனஃபீ நூல்கள் எச்சரிக்கின்றன. சுடுநீரில் முக்கி உடனே எடுத்து, பின்னர் நன்றாகக் கழுவினால் போதும். ஒரு பறவையின் கண் முன்னே மற்றொன்றை அறுக்காதீர்கள். கத்தியை முன்கூட்டியே தீட்டிக் கொள்ளுங்கள். அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாள வேண்டும், கத்தியைத் தீட்டி அறுபடும் பிராணிக்குச் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஹஸ்ரத் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து.

சகோதரிக்கு

அன்புச் சகோதரியே! உங்கள் தயக்கம் சரியானது. விறைத்து வந்த அந்தப் பறவைகளை நீங்களும் உண்ண வேண்டாம், பிள்ளைகளுக்கும் ஊட்ட வேண்டாம். அறியாமல் முன்பு உண்டதற்காகக் கலங்காதீர்கள். அறியாதவரை அல்லாஹ் பிடிப்பதில்லை. இனி அறிந்து கொண்டோம். சமைத்த சட்டியை மூன்று முறை நன்றாகக் கழுவிக் கொள்ளுங்கள்.

ஆனால் இந்த இதழைக் கொண்டு போய் மாமியாரின் முகத்தில் நீட்டாதீர்கள். கொழுந்தனைக் கூடத்தில் வைத்து வெட்கப்படுத்தாதீர்கள். தனிமையில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் தம்பியிடம் பேசட்டும். நம் நன்னா சட்டியைக் கொட்டிய கையோடு சேவலை அறுத்ததை நினைத்துப் பாருங்கள். "வேண்டாம்" என்ற சொல்லோடு ஒரு ஹலாலான சட்டியையும் அவர்கள் முன்னே வைத்தார்கள். அடுத்த விடுமுறையில் நீங்களே கணவரை அனுப்பிப் பண்ணைக் காடை நான்கைந்து உயிரோடு வாங்கி வரச் சொல்லுங்கள். கொழுந்தனையே கத்தி பிடிக்கச் சொல்லி, பிஸ்மி சொல்லி அறுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, முதற்கண் மாமியாரின் தட்டில் வையுங்கள். கேலி செய்தவர்களின் மனமும் அல்லாஹ்வின் கையில்தானே இருக்கிறது!

ஹலாலான உணவு துஆ ஏற்கப்படுவதற்கு வாசல். பிள்ளைகளின் வயிற்றில் ஹலாலை இட்டால் அவர்கள் நாவில் நல்ல சொல் வளரும். அல்லாஹுத் தஆலா நம் அனைவரின் அடுப்பங்கரைகளையும் ஹலாலால் நிரப்புவானாக! அவன் படைத்த வாயில்லா ஜீவன்களிடத்தில் இரக்கம் காட்டும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! அறிந்ததைக் கொண்டு அமல் செய்யத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.